சனிக்கிழமை வில்லுப்பாட்டு வகுப்பு: நான்கு மாத அனுபவம்

தபால் அலுவலகத்தில் 36 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். 2021இல் வந்த கொரோனா போய்விட்டது, மூச்சிரைப்பு போகவில்லை. அடுத்த ஆண்டு மனைவியும் போய்விட்டாள். நாகர்கோவில் மருத்துவர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். லண்டனில் செவிலியாக இருக்கும் மகள்தான், "அப்பா, நாலு பேரோடு சேர்ந்து பாடுங்கள்" என்றாள்.

அங்கே இங்கிலிஷ் நேஷனல் ஆப்பரா என்ற இசைநாடக நிறுவனம், கொரோனாவுக்குப் பிறகும் மூச்சு சரியாகாதவர்களுக்காக 2020இல் மருத்துவமனையோடு சேர்ந்து ஆறு வாரப் பயிற்சி தொடங்கியதாம். மருத்துவர்களே ஆட்களை அனுப்புகிறார்கள். பயிற்சிக்கு வருபவர்கள் பாடுவது தாலாட்டு. 150 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2022இல் வெளிவந்தது: மனம் தேறியிருக்கிறது, மூச்சுத் திணறலும் ஓரளவு குறைந்திருக்கிறது. கனடாவின் மாண்ட்ரியலில் 2018 முதல் ஓவியக்கூடத்துக்குப் போய்வர மருத்துவர் சீட்டு எழுதுகிறார் என்றும் சொன்னாள். நமக்கு ஓவியம் வேண்டுமென்றால் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. ஆனால் உப்பரிகை மாளிகையின் மாடிப்படி ஏற என் மூச்சு இடம் கொடுக்காதே!

அப்படித்தான் அகஸ்தீஸ்வரம் பக்கம் ஒரு சின்னக் கூடத்தில் நடக்கும் இந்த வில்லுப்பாட்டு வகுப்பில் சேர்ந்தேன். மாதம் 500 ரூபாய். மாலை நான்கு மணி என்பார்கள். நாலே முக்காலுக்குப் போனால் போதும். கொசு உண்டு. தரையில்தான் உட்கார வேண்டும் என்பதால் முதல் மாதம் முழங்காலுக்குத் தைலம் வாங்கிய செலவு தனி.

குறை அவ்வளவுதான். கதையை முன்னின்று பாடிச் சொல்லிக்கொடுக்கும் புலவர் அருமையான மனிதர். முதல் நாளே வீசுகோல் என்ற குச்சியைக் கையில் கொடுத்து வில்லின் நாணில் தட்டச் சொன்னார். மணிகள் குலுங்கியதும் எனக்குக் கூச்சமாகிவிட்டது. குடம் புரிமணை என்ற வளையத்தின் மேல் இருக்கிறது. அதன் வாயில் பத்தி என்ற மட்டையால் அடிக்கும் ஓசை கேட்பவர் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். உடுக்கை எனக்கு வரவே இல்லை, விட்டுவிட்டேன். கடைசியில் எனக்குக் கிடைத்த வேலை இடத்துப்பாடி. வில்லுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து, புலவர் ஒரு வரி சொன்னதும் "ஆமாம்" போட வேண்டும். பாட்டின் கடைசி அடியை வாங்கித் திருப்பிப் பாட வேண்டும்.

இதில் என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். லண்டனில் தாலாட்டு, எங்களுக்கோ சுடலைமாடன் என்ற காவல் தெய்வத்தின் கதை. மாடன் சுடுகாட்டுக்குப் போகும் இடத்தில் எனக்குக் கவனம் எங்கோ போய்விட்டது. புலவர் பாட்டை நிறுத்தினார். "அண்ணாச்சி, நீங்கள் ஆமாம் சொல்லவில்லை என்றால் மாடன் அங்கேயே நிற்க வேண்டியதுதான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது: அன்று காலையிலிருந்து நான் வேறு யாருக்கும் ஆமாம் சொல்லவில்லை. வீட்டில் கேள்வி கேட்க ஆள் இல்லை. டிவிக்கா ஆமாம் சொல்ல முடியும்?

மூச்சுக்கு வருவோம். அடியை வாங்கிப் பாட முன்பு இரண்டு இடத்தில் நிறுத்துவேன். இப்போது ஒரே மூச்சில் முடிகிறது, சில நாள் முடிவதில்லை. இன்ஹேலரை நிறுத்தவில்லை, யாரும் நிறுத்த வேண்டாம். தூக்கம் மட்டும் சனிக்கிழமை இரவு நன்றாக வருகிறது. வாழிப் பாட்டோடு வகுப்பு முடிவதாலா, பிறகு எல்லோருமாகச் சுக்குக் காப்பி குடிப்பதாலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

சுருதி சுத்தமாகக் கர்நாடக சங்கீதம் கற்க நினைப்பவர்கள் இங்கே வர வேண்டாம், ஏமாந்து போவீர்கள். ஆடி மாதம் கோயில் கொடை விழாக்களுக்குப் புலவர் போய்விடுவார், வகுப்பு கிடையாது. ஆவணியில் வந்து கேளுங்கள். குடம் அடிக்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.