புளூடூத் ஓ.பி.டி. ஸ்கேனர்: வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும் அறிய வேண்டியவை

செக் இன்ஜின் விளக்கு எரிந்தவுடன் கார் உரிமையாளர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி பெரும்பாலும் "எந்த பாகத்தை மாற்ற வேண்டும்?" என்பதாகவே இருக்கிறது. கைபேசியுடன் புளூடூத் வழியாக இணைந்து, காரின் ஓ.பி.டி. என்னும் தன்னறிதல் அமைப்பின் பதிவுகளைப் படிக்கும் சிறிய ஸ்கேனரை வாங்குபவர்களும் அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும் என்று நம்பித்தான் வாங்குகிறார்கள். இந்தக் கருவியை நெடுங்காலம் பயன்படுத்திப் பார்த்த பிறகு நான் சொல்லக்கூடியது இதுதான்: மாற்ற வேண்டிய பாகத்தின் பெயரை அது சொல்லாது. கோளாறு எந்த நிலையில், எவ்வளவு தீவிரத்தில் எழுகிறது என்பதற்கான அளவீடுகளை மட்டுமே அது தரும். அந்த அளவீடுகளைப் படிக்கப் பழகிக்கொள்பவருக்கு, தம் வண்டிக்காகச் செய்யும் செலவுகளில் இதைவிடப் பயன் தருவது மிகச் சிலவே இருக்கும்.

கருவியின் அடிப்படை எளிது. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாடல் கார்களிலிருந்தும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2001 முதல் பெட்ரோல் கார்களிலும் கட்டாயமாக்கப்பட்ட இந்தத் தன்னறிதல் அமைப்பின்படி, புகை உமிழ்வைப் பாதிக்கும் கோளாறுகளை இன்ஜின் கணினி கண்டறிந்து, பொதுவான குறியீட்டெண்ணாகப் பதிந்து வைக்க வேண்டும். அந்தப் பதிவைப் படிப்பதற்கான 16 பின்கள் கொண்ட இணைப்பு, பெரும்பாலான கார்களில் ஸ்டீயரிங்கின் கீழ்ப்பகுதியில் ஓட்டுநரின் முழங்காலுக்கு அருகே இருக்கும். இதன் 16ஆவது பின்னில் பேட்டரி மின்சாரம் எப்போதும் இருப்பதால், ஸ்கேனருக்குத் தனி பேட்டரி தேவையில்லை. ஸ்கேனரைச் செருகி, சாவியைத் திருப்பி, கைபேசியில் ஒரு செயலியைத் திறந்தால் போதும்.

கடைகளில் கிடைக்கும் இத்தகைய ஸ்கேனர்களில் மிகப் பெரும்பாலானவை இ.எல்.எம். 327 என்ற சிப்பின் நகல்கள். கனடாவைச் சேர்ந்த எல்ம் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 2005இல் அந்தச் சிப்பை வெளியிட்டபோது, முதல் பதிப்பின் மென்பொருளுக்கு நகலெடுப்பைத் தடுக்கும் பாதுகாப்பு வைக்கப்படவில்லை. நகல்கள் உலகெங்கும் பரவியது அந்த ஓட்டை வழியாகத்தான். அந்த நிறுவனம் 2022இல் தன் செயல்பாட்டையே நிறுத்திவிட்டது. ஆகவே பெட்டியின் மீது அச்சிட்டுள்ள பதிப்பு எண்ணைப் பார்த்துத் தரத்தை எடைபோடுவதில் பொருளில்லை. மிகப் பரவலாக அச்சிடப்படும் 1.5 என்ற பதிப்பை மூல நிறுவனம் ஒருபோதும் வெளியிட்டதில்லை. 2.1 என்று தன்னை அறிவித்துக்கொள்ளும் நகல்கள் பலவற்றிலோ, அந்தப் பதிப்பில் இருக்க வேண்டிய கட்டளைகள் பல இல்லை.

இதனால் நடைமுறையில் என்ன இழப்பு என்பது உங்கள் காரின் வயதைப் பொறுத்தது. கேன் என்னும் தகவல் தொடர்பு முறையில் இயங்கும் கார்களில் (அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டு மாடலிலிருந்து இம்முறை கட்டாயம்) சாதாரண நகல்கூடக் குறியீடுகளைப் படித்துவிடும். இன்ஜின் அளவீடுகளைச் சற்று மெதுவாகக் காட்டும், அவ்வளவே. அதற்கு முந்தைய தலைமுறைக் கார்களில் பழைய தொடர்பு முறைகளைப் பல நகல்கள் முற்றிலும் கைவிட்டிருப்பதால், இணைப்பே கிடைக்காமல் போகலாம். நீளமான பதில்களைப் பல துண்டுகளாக அனுப்பும் கட்டுப்பாட்டு அமைப்புகளிடமும் மலிவான நகல்கள் திணறுகின்றன. பழைய கார் வைத்திருப்பவர்கள், அதே மாடலில் வேலை செய்வதை மற்றோர் உரிமையாளர் உறுதிப்படுத்திய ஸ்கேனரையே வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கைபேசியும் கணக்கில் வர வேண்டும். ஆண்ட்ராய்டு கைபேசிகளுடன் பழைய வகைப் புளூடூத் ஸ்கேனர்கள் எளிதில் இணைந்துவிடும். ஐபோனுக்கு, குறைந்த மின்சாரத்தில் இயங்கும் புதிய வகைப் புளூடூத் அல்லது வைஃபை உள்ள ஸ்கேனர் வேண்டும். வைஃபை வகையில், கைபேசி ஸ்கேனரோடு இணைந்திருக்கும் நேரத்தில் இணையத் தொடர்பு தடைபடலாம். குறியீட்டின் பொருளை உடனே தேடிப் பார்க்க விரும்புபவர்களுக்கு அது தொல்லையாகவே இருக்கும்.

இனி, கருவியின் உண்மையான மதிப்பு எங்கே இருக்கிறது என்பதற்கு வருகிறேன். குறியீடுகள் இன்ஜின்–கியர்பாக்ஸ், பாடி, சேஸிஸ், தகவல் தொடர்பு என நான்கு பிரிவுகளில் வருகின்றன. இங்கே நான் குறிப்பிடும் எண்கள் அனைத்தும் முதல் பிரிவைச் சேர்ந்தவை. உரிமையாளர்கள் அடிக்கடி சந்திக்கும் 0171 என்ற குறியீட்டை எடுத்துக்கொள்வோம். இன்ஜினுக்குள் செல்லும் கலவையில் காற்று அதிகமாகவும் எரிபொருள் குறைவாகவும் இருக்கிறது என்பதே அதன் பொருள். இந்தச் செய்தியைக் கணினிக்குச் சொன்னது, எக்ஸாஸ்ட் புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் என்பதால், பலர் உடனே அந்தச் சென்சாரை மாற்றிவிடுகிறார்கள். அடுத்த சில நாட்களில் அதே விளக்கு மீண்டும் எரிகிறது. உள்ளதை உள்ளபடி சொன்ன சென்சார் குப்பைக்குப் போகிறது. உண்மையான கோளாறு வண்டியிலேயே தங்கிவிடுகிறது.

இந்த இடத்தில் ஸ்கேனரின் ஃபியூயல் டிரிம் என்ற அளவீட்டைத் திறந்து பார்க்க வேண்டும். பெட்ரோல் இன்ஜினில் ஒரு பங்கு எரிபொருளுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடை விகிதத்தைக் கணினி இலக்காகக் கொள்கிறது. அந்த இலக்கை எட்டுவதற்காக, முன்கூட்டி வகுத்த அளவைவிட எத்தனை சதவீதம் எரிபொருளைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதே டிரிம். நொடிக்கு நொடி மாறும் குறுகிய கால எண் ஒன்றும், பழகிப் பதிந்துபோன நீண்ட கால எண் ஒன்றும் திரையில் தெரியும். இரண்டின் கூட்டுத்தொகை 10 சதவீதத்துக்குள் மேலும் கீழுமாக அமைந்தால் கவலைப்படத் தேவையில்லை. அது 20 சதவீதத்தைத் தாண்டி அங்கேயே நிற்குமானால், கணினி தன்னால் இயன்ற அளவுக்கு ஈடுகட்டிக் களைத்துவிட்டது என்று கொள்ளலாம்.

இன்ஜின் நன்கு சூடேறிய பின், வண்டியை நிறுத்திய நிலையில் ஐட்லிங்கில் (ஆக்சிலரேட்டரை அழுத்தாமல் இன்ஜின் ஓடும்போது) டிரிம் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்தி நிமிடத்துக்கு 2500 சுற்றுகளில் நிறுத்தி மீண்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஐட்லிங்கில் மிக உயர்ந்திருந்த எண், சுற்று கூடியதும் இயல்புக்கு இறங்கினால், இன்டேக் குழாயிலோ வேக்குவம் ஹோஸிலோ காற்று புகுந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அது வலுவான சான்று. இன்ஜினுக்குள் காற்றை விடும் த்ராட்டில் என்ற தடுக்கு மூடியிருக்கும்போது உள்ளே உறிஞ்சும் வெற்றிடம் அதிகம். மொத்தக் காற்றோ குறைவு. எனவே சிறிய விரிசல் வழியே நுழையும் காற்றுகூடப் பெரிய பங்காகிவிடுகிறது. த்ராட்டில் திறந்து காற்றோட்டம் பெருகியதும் அந்தப் பங்கு சுருங்கிவிடுகிறது. மாறாக, ஐட்லிங்கில் இயல்பாக இருந்த எண் சுமையேறும்போது உயருமானால், ஃபியூயல் பம்ப் தளர்ந்திருக்கிறதா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா, காற்றின் அளவைக் கணக்கிடும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சாரில் அழுக்குப் படிந்து அது குறைத்துச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். இவற்றில் எது காரணம் என்பதை ஸ்கேனர் மட்டும் பிரித்துக் காட்டாது. சென்சாரை அதற்குரிய ஸ்பிரேயால் சுத்தம் செய்து பார்ப்பதும், ஃபியூயல் அழுத்தத்தை அதற்கான கேஜில் அளப்பதும் அடுத்த படி. எக்ஸாஸ்ட் குழாயில் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டுக் கலவை மெலிந்ததுபோல் தோன்றும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஒரே ஒரு குறியீட்டெண்ணிலிருந்து இவ்வளவு தூரம் வர முடிகிறது என்பதுதான் என்னை இந்தக் கருவியின் பக்கம் ஈர்த்தது. பட்டறைக்கு வண்டியை விடும்போதும் இது உதவுகிறது. "ஐட்லிங்கில் டிரிம் 22, சுற்று கூட்டினால் 4க்கு இறங்குகிறது" என்று சொல்லும் வாடிக்கையாளரிடம் நல்ல மெக்கானிக் வேறு விதமாகவே பேசுவார்.

மிஸ்ஃபயர் குறியீடுகளில் வேலை இன்னும் எளிது. 0300 என்றால் பல சிலிண்டர்களில் மாறி மாறி எரிதல் தவறுகிறது. 0301, 0302 என்று வந்தால் கடைசி எண்ணே சிலிண்டரின் எண். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இக்னிஷன் காயில் உள்ள காரில், இன்ஜினை அணைத்துவிட்டு, குறிப்பிட்ட சிலிண்டரின் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் பொருத்தி ஓட்டிப் பாருங்கள். குறியீடும் கூடவே இடம் மாறினால் காயில் பழுது என்று உறுதி. மாறாவிட்டால் ஸ்பார்க் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று அடுத்தடுத்துச் செல்லலாம். செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினால் சோதனை எதுவும் வேண்டாம். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குச் சென்று அதைச் சூட்டில் அழித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். வேகத்தைக் குறைத்துப் பாதுகாப்பாக ஓரங்கட்டுவதே சரி.

அந்தக் கன்வெர்ட்டரின் திறன் குறைந்துவிட்டது என்று சொல்லும் 0420 குறியீட்டில்தான் அவசர அறிவுரைகள் மிகுந்த பொருள் நட்டத்தை உண்டாக்குகின்றன. எக்ஸாஸ்ட் கசிவும் தீர்க்கப்படாத மிஸ்ஃபயரும் அதே குறியீட்டை வரவழைக்கக்கூடும் என்பதால், அவற்றை விலக்காமல் அந்த விலையுயர்ந்த பாகத்தை மாற்றும்படி யாருக்கும் சொல்லக் கூடாது.

சூடேறுதலைக் கவனிப்பதற்கும் ஸ்கேனர் நன்று. டேஷ்போர்டு வெப்பமானியின் முள், பல கார்களில், கூலன்ட் வெப்பம் கணிசமாக ஏறி இறங்கினாலும் நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. ஸ்கேனர் உண்மையான எண்ணைக் காட்டும். நெடுந்தூரம் ஓடியும் வெப்பம் 80 டிகிரி செல்சியஸைக்கூட எட்டாவிட்டால், கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம். 0128 குறியீடு சுட்டுவதும் இதையே. மின்னழுத்தமும் தெரியும், ஆனால் மலிவான ஸ்கேனர்களில் அது சிறிது பிசகுவதால் மல்டிமீட்டரையே நம்புவது மேல்.

அது காணாதவை ஏராளம். பிரேக் பேட் தேய்மானம், சஸ்பென்ஷன் புஷ், வீல் பேரிங் ஓசை, கிளட்ச் நழுவுதல், ஆயில் கசிவு ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் குறியீடு இல்லை. ஏ.பி.எஸ்., ஏர்பேக் ஆகியவற்றின் பதிவுகளைப் பொதுச் செயலிகள் பெரும்பாலும் திறப்பதில்லை. அவற்றுக்கு அந்தந்த நிறுவனக் கார்களுக்கென்றே எழுதப்பட்ட மென்பொருள் வேண்டும். டீசல் கார்களில் மேலே சொன்ன டிரிம் கணக்கு உதவாது. அங்கே காமன் ரயில் அழுத்தமும் டர்போ அழுத்தமுமே பார்க்க வேண்டியவை.

குறியீட்டை அழிக்கும் பொத்தானைப் பற்றி மட்டும் சற்று வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். கோளாறு பதிவான நொடியில் இன்ஜின் எத்தனை சுற்றில் இருந்தது, வேகம் எவ்வளவு, கூலன்ட் வெப்பம் எவ்வளவு, சுமை எவ்வளவு என்பவற்றைக் கணினி ஃப்ரீஸ் ஃப்ரேம் என்ற பெயரில் உறையவைத்துச் சேமிக்கிறது. மெக்கானிக் முன்னிலையில் ஒருபோதும் தலைகாட்டாத, விட்டுவிட்டு வரும் கோளாறுக்கு இதைவிட நல்ல துப்பு கிடையாது. அழிக்கும் பொத்தானை அழுத்தினால் அதுவும் சேர்ந்து அழிந்துவிடும். கூடவே, கணினி தன் பாகங்களைச் சோதித்து முடித்ததற்கான குறிப்புகளும் நீங்கிவிடுவதால், பல விதமான வேகங்களில் ஓட்டி அவை நிறைவடையும் வரை, அந்தக் குறிப்புகளைச் சரிபார்க்கும் உமிழ்வுச் சோதனையில் வண்டி தேறாது. "முதலில் அழித்துவிட்டுப் பாருங்கள், திரும்ப வந்தால் யோசிக்கலாம்" என்று உரிமையாளர்கள் ஒருவருக்கொருவர் நல்லெண்ணத்தோடு சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளும் முன் அழிக்காதீர்கள் என்பதே அதற்கு நான் தரும் பதில்.

மற்ற உரிமையாளர்களிடம் யோசனை கேட்கும்போது இந்தப் படங்கள்தான் பேச்சின் தரத்தை மாற்றுகின்றன. "பிக்கப் இல்லை, என்ன செய்யலாம்?" என்ற கேள்விக்கு ஒவ்வொருவரும் தம் காரில் பழுதான பாகத்தின் பெயரைச் சொல்வார்கள், அவர்களைக் குறைசொல்ல முடியாது, ஏனென்றால் வேறு எதையும் நாம் அவர்களுக்குத் தரவில்லை. குறியீடு, ஃப்ரீஸ் ஃப்ரேம், ஐட்லிங்கிலும் 2500 சுற்றிலும் எடுத்த டிரிம், கோளாறு குளிர்ந்த இன்ஜினிலா சூடான இன்ஜினிலா, அண்மையில் கழற்றிப் பூட்டிய பாகம் எது என்பவற்றைச் சேர்த்துக் கேட்டால், அனுபவமுள்ளவர் ஒருவர் காரைப் பார்க்காமலேயே எங்கே தொடங்க வேண்டும் என்று காட்டிவிட முடியும். கடைசியில் குறிப்பிட்ட விவரம் பலரும் விட்டுவிடுவது. ஏர் ஃபில்டர் மாற்றிய மறுநாள் 0171 வந்தால், அந்தப் பெட்டியின் மூடியும் குழாயின் கிளாம்பும் சரியாக அமர்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பதே முதல் வேலை.

வாங்கிய பின் ஸ்கேனரை எப்போதும் செருகியே வைக்காதீர்கள். பேட்டரியோடு நேரடியாக இணைந்திருப்பதால், வண்டி பல நாட்கள் நின்றால் சிறுகச் சிறுக மின்சாரத்தை உறிஞ்சும். பல நகல்களின் கடவு எண் 1234 என்றே இருப்பதால், பக்கத்தில் நிற்கும் எவரும் தம் கைபேசியிலிருந்து உங்கள் காரோடு இணைய முடியும். முழங்கால் இடித்து இணைப்பின் பின்கள் வளைந்தால் அதைச் சரிசெய்யும் செலவு ஸ்கேனரின் விலையைவிட அதிகமாகிவிடும். நீண்டு துருத்தும் ஸ்கேனராக இருந்தால் சிறிய நீட்டிப்புக் கேபிள் ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள்.

கைபேசியும் செயலியும் வேண்டாம் என்பவர்களுக்குத் திரையோடு கூடிய கையடக்க ஸ்கேனர்கள் உண்டு. இணைப்புத் தொல்லை அவற்றில் குறைவு. அவற்றுள் வாங்குவதானால், ஃப்ரீஸ் ஃப்ரேமையும் இன்ஜின் ஓடும்போதைய அளவீடுகளையும் காட்டும் வகையையே கேட்டு வாங்க வேண்டும். எண்ணை மட்டும் காட்டி அழிப்பதோடு நின்றுவிடும் மிக எளிய வகையை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.