கண்ணீரின் வேரைக் காட்டும் அகராதி

டக்ளஸ் ஹார்ப்பர் தனியொருவராகத் தொகுக்கத் தொடங்கிய 'ஆன்லைன் எட்டிமாலஜி டிக்‌ஷனரி' என்னும் இணையச் சொற்பிறப்பு அகராதியை மொழிபெயர்ப்பு வேலைக்காக நாள்தோறும் திறக்கிறேன். அதன் அருமையை எனக்கு உணர்த்தியது 'லாக்ரிமோஸ்' என்ற ஒரு சொல். தாயை இழந்த பெண்ணொருத்தி கண்ணீர் மல்க நின்றாள் என்ற தமிழ் வரியை ஆங்கிலத்தில் எழுதியபோது, கைபேசியிலிருந்த வேறோர் அகராதியை நம்பி அந்தச் சொல்லை இட்டேன். பதிப்பாசிரியர் அதை அடித்துவிட்டு, 'டியர்ஃபுல்' என்று திருத்தியிருந்தார். இரண்டும் ஒரே பொருள்தானே என்ற மனக்குறையோடுதான் இந்த அகராதியைப் புரட்டினேன்.

லத்தீனில் 'லாக்ரிமா' என்றால் கண்ணீர்த்துளி. அதிலிருந்து வந்த 'லாக்ரிமோசுஸ்' என்பதே ஆங்கிலச் சொல்லுக்கு மூலம். பழைய லத்தீனில் அது 'டாக்ருமா' என்று டகரத்தில் தொடங்கியது. நாக்கைக் குறித்த 'டிங்குவா', 'லிங்குவா' ஆனதும் இதே திரிபுதான். அந்த டகரத்தை மீட்டு வைத்துப் பார்த்தால், கிரேக்கத்தின் 'டாக்ரு', பழைய ஜெர்மானிய மொழியான கோத்திக்கின் 'டகர்', கண்ணீரைக் குறிக்கும் ஆங்கிலத்தின் 'டியர்' ஆகிய மூன்றும் உடன்பிறப்புகள் என்பது கண்கூடாகத் தெரிகிறது. ஈறுகளும் அப்படியே: லத்தீனின் 'ஓசுஸ்', ஆங்கிலத்தின் 'ஃபுல்' இரண்டுக்குமே நிறைந்தது என்று பொருள். ஆக, நான் எழுதிய சொல்லும் பதிப்பாசிரியர் எழுதிய சொல்லும் வேரிலும் கட்டமைப்பிலும் ஒன்றே என்று அறிந்தபோது உண்மையிலேயே சிலிர்த்துப்போனேன்.

பிறகு ஏன் அடித்தார்? 'டியர்ஃபுல்' மக்களின் வாய்வழி வந்தது, 'லாக்ரிமோஸ்' படித்தவர்கள் ஏட்டிலிருந்து எடுத்தது. 1660-களில் கண்ணீரைப் போன்ற என்ற பொருளில் ஆங்கிலத்தில் நுழைந்து, 1727 அளவில் அழும் இயல்புடைய என்ற பொருளைப் பெற்ற 'லாக்ரிமோஸ்', இன்று அளவுக்கு மீறிய அழுகையையும் சில வேளைகளில் மெல்லிய ஏளனத்தையும் சுமந்து நிற்கிறது. நம் வழக்கில் கண் கலங்கியவளை அழுமூஞ்சி என்று சொல்லிவிட்டால் எப்படிச் சுடுமோ, ஏறக்குறைய அப்படித்தான் என் வரியும் சுட்டிருக்கும். மருத்துவர்கள் கண்ணீர்ச் சுரப்பியை 'லாக்ரிமல்' என்று குறிக்கும்போது மட்டும் இந்த வேருக்கு எந்த உணர்ச்சிச் சாயலும் இல்லை.

இந்தச் சாயலை எடைபோட்டுச் சொல்வது சொற்பிறப்பு அகராதியின் வேலையன்று. அதை அதனிடம் எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். சொல்லின் கதை, காலவரிசை, உறவுச் சொற்கள் ஆகியவற்றுக்கு இதையும், எடுத்துக்காட்டு வாக்கியங்களுக்குப் பயன்பாட்டு அகராதி ஒன்றையும் அருகருகே வைத்துக்கொள்ளுமாறு மொழிபெயர்ப்பு பழகுவோருக்குப் பரிந்துரைக்கிறேன். கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்கிற இதில் ஒரு சொல்லிலிருந்து அதன் வேருக்கும், அங்கிருந்து அதன் கிளைச்சொற்களுக்கும் ஒரே தொடுதலில் போய்வர முடிகிறது. காட்சிக்குக் காட்சி அழுதுகொண்டிருக்கும் ஒரு நாடகப் பாத்திரத்துக்காக 'லாக்ரிமோஸை' இப்போது தனியே எடுத்து வைத்திருக்கிறேன்.