யூ.வி. 400 ஸ்டிக்கரையும் டார்ச் வித்தையையும் நம்பி கூலிங் கிளாஸ் வாங்காதீர்கள்

சுற்றுலா ஊர்களிலும் ரோட்டோரக் கடைகளிலும் கூலிங் கிளாஸ் விற்கக் காட்டப்படும் வித்தை ஒன்று இருக்கிறது. விற்பவர் ஊதா டார்ச்சை ஐநூறு ரூபாய் நோட்டின் மேல் அடிப்பார். நோட்டின் எண்களும் உள்ளே இருக்கும் இழைகளும் பளிச்சென்று ஒளிரும். பிறகு கண்ணாடியை நோட்டின் மேலேயே வைத்து அடிப்பார். ஒளிர்வு காணாமல் போகும். "பாத்தீங்களா சார், யூ.வி. உள்ளயே போகல!" என்பார். யூ.வி. என்றால் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர், நோட்டை ஒளிர வைப்பது அதுதான். அதை நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம்.

இதில் நிரூபணம் எதுவும் இல்லை. டார்ச் ஒளி கறுப்பு லென்ஸைத் தாண்டிப் போகிறது, நோட்டின் ஒளிர்வும் அதே லென்ஸைத் தாண்டித்தான் நம் கண்ணுக்குத் திரும்பி வருகிறது. வெயிலுக்கான வழக்கமான கண்ணாடி, அதாவது லென்ஸின் இருட்டை வைத்துப் பிரித்ததில் 3ஆம் வகை, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 8 முதல் 18 சதவீதத்தை மட்டுமே விடும். அந்த மங்கலான ஒளிர்வு வரும் வழியில் இருட்டிலேயே அமுங்கிவிடும். இங்கே தெரிவது லென்ஸின் கறுப்பு மட்டும்தான்.

இன்னொரு வித்தை, மறைந்த படம் உள்ள அட்டை. கண்ணாடி வழியே பார்த்தால் மீனோ காரோ தெரியும். அது போலரைஸ்டு லென்ஸ் என்பதற்கு அடையாளம். தண்ணீரிலும் தார்ரோட்டிலும் பட்டுத் தெறிக்கும் கூச்சத்தை அது குறைக்கும். புற ஊதாக் கதிரைத் தடுப்பது முற்றிலும் வேறு வேலை.

கறுப்பாக இருந்து கதிரைத் தடுக்காத கண்ணாடிதான் நமக்குக் கவலை. வெறுங்கண் வெயிலில் கூசும், இமை சுருங்கும், கண் பாப்பா சிறுக்கும். கறுப்பு லென்ஸுக்குப் பின்னால் பாப்பா விரிந்து, இமையும் அகலத் திறந்துகொள்ளும். லென்ஸ் புற ஊதாவை விட்டால், கண்ணின் இயற்கைக் காப்பும் போய், கதிரும் உள்ளே வரும். ஆண்டுக்கணக்கில் இப்படிப் படும் கதிருக்குக் கண்புரையிலும், வெள்ளை விழியிலிருந்து கருவிழி மேல் சதை வளர்வதிலும் பங்கு உண்டு. மலை ஏற ஏற, 1000 மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் கதிர் கூடும். ஊட்டி 2200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே குளிராக இருப்பதால் வெயில் சாது என்று தோன்றும், அவ்வளவுதான்.

விலையை வைத்தும் முடிவு செய்ய முடியாது. பாலிகார்பனேட் லென்ஸ் மலிவாக இருந்தாலும், நிறமே இல்லாமல் இருந்தாலும், சுமார் 380 நானோமீட்டர் அலைநீளம் வரையுள்ள புற ஊதாக் கதிரைத் தானாகவே தடுத்துவிடும். கதிரை உறிஞ்சும் சேர்மானம் இல்லாத அக்ரிலிக் அப்படியில்லை. 400 நானோமீட்டர் வரையுள்ள கதிரைத் தடுக்கும் என்று சொல்லும் "யூ.வி. 400" ஸ்டிக்கர் மட்டும் இரண்டிலும் ஒன்றுபோலவே ஒட்டியிருக்கும். விற்பவருக்கே எது எதுவென்று தெரியாமல் இருக்கலாம்.

டார்ச்சால் சோதிப்பதானால் 365 நானோமீட்டர் டார்ச் வேண்டும். லென்ஸை டார்ச்சின் வாயோடு ஒட்டிப் பிடியுங்கள், நோட்டு ஒரு சாண் தள்ளி இருக்கட்டும், நோட்டை லென்ஸ் வழியாகப் பார்க்காமல் நேராகப் பாருங்கள். அறை இருட்டாக இருக்க வேண்டும். நோட்டு ஒளிர்ந்தால் அந்தக் கண்ணாடி வேண்டாம். ஒளிராவிட்டாலும் 400 நானோமீட்டர் வரை தடுக்கிறது என்று உறுதியாகாது. கண்ணாடிக் கடைகள் பலவற்றில் யூ.வி. மீட்டர் உண்டு. அதில் வைத்து இரண்டு லென்ஸையும் தனித்தனியே அளக்கச் சொல்லுங்கள்.

பிறகு கண்ணாடியைக் கை நீட்டிப் பிடித்து, கதவு நிலையின் நேர்க்கோட்டை லென்ஸ் வழியே பார்த்தபடி மெல்ல அசையுங்கள். நடுப்பகுதியில் கோடு நெளிந்தால் லென்ஸ் வார்ப்பு சரியில்லை, தலைவலிதான் மிஞ்சும். பக்கவாட்டிலும் மேலேயும் வெளிச்சம் நுழையாத அகலமான ஃப்ரேமாக எடுங்கள். மணலிலும் அலை நுரையிலும் தெறிக்கும் கதிர் ஓரமாகத்தான் உள்ளே வரும். குழந்தைகளின் கண் வில்லை பெரியவர்களுடையதைவிட அதிகக் கதிரை உள்ளே விடும் என்பதால், திருவிழாக் கடை பொம்மைக் கண்ணாடியை வெயிலில் போட்டுவிடாதீர்கள்.

கோயில் கோபுரம் போல அடுக்கி வைத்திருப்பதில் ஆக இருட்டானதைத் தேடவும் வேண்டாம். 4ஆம் வகை 3 முதல் 8 சதவீத ஒளியையே விடும், வண்டி ஓட்டவே கூடாது. எந்தக் கூலிங் கிளாஸும் கிரகணம் பார்க்க உதவாது.

பில்லில் "யூ.வி. 400" என்றும் வகை எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். எழுதிக் கொடுத்தது மீட்டரில் பொய் என்று தெரிந்தால், அந்தப் பில்லோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம்.