ஜெர்மனியின் 85, கூட்டு வெளியீட்டின் 104, மொனாக்கோவின் 1: எந்த யூரோ நினைவுக் காசைச் சேர்ப்பது?

2004-இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்காக கிரேக்கம் வட்டெறி வீரன் உருவம் போட்ட 2 யூரோ காசை வெளியிட்டது. 2 யூரோ நினைவுக் காசுகளில் அதுதான் முதலாவது. அச்சடித்தது 3.5 கோடி. அந்த ஆண்டு ஆறே நாடுகள் வெளியிட்டதால் எல்லாவற்றையும் வாங்கிவிடுவது சுலபமாக இருந்தது. 2012 முதல் ஒரு நாடு ஆண்டுக்கு இரண்டு வெளியிடலாம். பல நாடுகள் சேர்ந்து வெளியிடும் கூட்டுக் காசு இந்தக் கணக்கில் வராது. 2026 ஜனவரி 1-இல் பல்கேரியாவும் சேர்ந்ததில் யூரோ நாடுகள் 21. மொனாக்கோ, வத்திக்கான், சான் மரினோ, அண்டோரா என்ற நான்கு குறுநாடுகளையும் கூட்டினால் 25. இனி "எல்லாம் வேண்டும்" என்று தொடங்குகிறவர் ஆல்பத்தின் பாதியில் நிற்பார். ஒரு வழியைத் தேர்ந்துகொண்டு அதை முடிப்பதுதான் புத்திசாலித்தனம்.

வழிகளைப் பார்க்குமுன் ஓர் எல்லைக்கோடு. 2 யூரோ நினைவுக் காசு யூரோ வட்டாரம் முழுக்கச் செல்லும். 5, 10, 20 யூரோ என்று வரும் வெள்ளிக்காசுகளும் ஜெர்மனியின் பிளாஸ்டிக் வளையம் வைத்த 5 யூரோவும் வெளியிட்ட நாட்டில் மட்டுமே செல்லும். 2015-இல் வாட்டர்லூ போர் நினைவாக பெல்ஜியம் 2 யூரோ அடிக்க நினைத்தபோது பிரான்ஸ் எதிர்த்தது. பெல்ஜியமோ 2.50 யூரோ என்று வழக்கத்தில் இல்லாத மதிப்பில் காசடித்து, உள்நாட்டில் மட்டும் செல்லும் வகைக்குள் நுழைந்துகொண்டது. குறும்புதான், ஆனால் விதி எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது.

ஜெர்மனி: மாநில வரிசை

2006-இல் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்துக்காக லூபெக் நகரின் கோட்டைவாயிலோடு தொடங்கி, 2022-இல் துரிங்கியாவின் வார்ட்பர்க் கோட்டையோடு முடிந்த வரிசை. 16 மாநிலங்கள், 2019-இல் மாநிலங்கள் அவைக்கு ஒன்று. ஆக 17 வடிவங்கள். இதோடு நிறுத்திக்கொண்டால் முகமதிப்பு 34 யூரோ.

ஆனால் ஜெர்மனியில் ஐந்து அக்கசாலைகள் ஒவ்வொரு வடிவத்தையும் அடிக்கின்றன. காசின் மேல் ஒற்றை எழுத்து இருக்கும்: ஏ என்றால் பெர்லின், டி மியூனிக், எஃப் ஸ்டுட்கார்ட், ஜி கார்ல்ஸ்ரூஹே, ஜே ஹாம்பர்க். 17-ஐ ஐந்தால் பெருக்கினால் 85 காசு, 170 யூரோ. ஒரு வெளியீட்டுக்கு ஏறக்குறைய 3 கோடி காசு அடித்தாலும் பங்கு சமமில்லை. ஸ்டுட்கார்ட்டுக்கு 24 விழுக்காடு, கார்ல்ஸ்ரூஹேக்கு 14 மட்டுமே. சில்லறையில் தேடுகிறவர் ஆல்பத்தில் ஜி கட்டங்கள் மட்டும் காலியாகக் கிடப்பதற்குக் காரணம் இதுதான். அவற்றுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். முதலிலேயே ஜி மட்டும் விலைக்கு வாங்கிவிட்டு மற்ற நான்கையும் சில்லறையில் பிடிப்பது சிக்கனம்.

இந்த வரிசையில் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டியது 2008 ஹாம்பர்க், எஃப் எழுத்து. அதில் ஒரு பகுதி தவறுதலாகப் பழைய பொதுப்பக்கத்தோடு (எல்லா நாட்டுக் காசிலும் ஒரே மாதிரி இருக்கும் வரைபடப் பக்கம்) அச்சாகிவிட்டது. பழைய பக்கத்தில் 15 நாடுகளும் எல்லைக்கோடுகளோடு தெரியும். புதியதில் ஐரோப்பா ஒரே பரப்பாக இருக்கும். 2006 காசில் பழைய வரைபடம் இருப்பது முறைப்படியானது, அதைப் பிழைக்காசு என்று யாராவது விற்றால் நகர்ந்துவிடுங்கள். விளிம்பு எழுத்து தலைகீழாக இருப்பதும் பிழையில்லை. விளிம்பை முதலில் எழுதிவிட்டுப் பிறகுதான் முகங்களை அச்சடிக்கிறார்கள். எந்தப் பக்கம் மேலே விழும் என்பது தற்செயல்.

கூட்டு வெளியீடு: ஒரே வடிவம், பல நாடு

இதுவரை ஐந்து முறை: 2007 ரோம் உடன்படிக்கை (13 நாடுகள்), 2009 பொருளாதார நாணய ஒன்றியத்தின் பத்தாண்டு (16), 2012 யூரோ ரொக்கத்தின் பத்தாண்டு (17), 2015 ஐரோப்பியக் கொடி (19), 2022 எராஸ்மஸ் மாணவர் பரிமாற்றத் திட்டம் (19). மொத்தம் 84. ஜெர்மனியின் ஐந்து எழுத்துகளையும் எடுத்தால் 104 காசு, 208 யூரோ முகமதிப்பு. குறுநாடுகள் எதிலும் சேரவில்லை; பணப்பைக்கு அது பெரிய நிம்மதி.

ஒரே படத்தை நூறு தடவை பார்ப்பதில் என்ன சுவை என்று கேட்கலாம். சுவை வேறுபாட்டில்தான். நாட்டின் பெயர் அவரவர் மொழியில். விளிம்பு எழுத்தும் நாட்டுக்கு நாடு மாறும். லக்சம்பர்க்கின் காசில் அந்நாட்டு கோமகனின் உருவம் கட்டாயம் இருக்க வேண்டும். பொது வடிவத்தில் அதற்கு இடமில்லை. ஆகவே 2007, 2009 காசுகளில் அவர் முகத்தைச் சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரியும் மறைபடமாக வைத்தார்கள். 2009 ஸ்பெயினில் வெளிவளைய நட்சத்திரங்கள் பெரிதாக அமைந்த ஒரு வகை உண்டு. சாதாரணக் காசை அருகில் வைத்தால்தான் வித்தியாசம் புரியும், ஆகவே ஒப்பிடாமல் காசு கொடுக்கக் கூடாது.

இதில் கையைக் கடிப்பது சின்ன நாடுகள். 2007-இல் ஸ்லோவேனியா அடித்தது 4 லட்சமே. 2009 முதல் மால்டாவும் சைப்ரஸும் அதே ரகம். மற்றவற்றை எல்லாம் சேர்த்துவிட்டுக் கடைசியில் இவற்றைத் தேடினால் விற்பவர் சொன்னதுதான் விலை. இவற்றிலிருந்து தொடங்குங்கள்.

ஜெர்மனியா, கூட்டு வெளியீடா என்றால் நம் பரிந்துரை இதுதான்: ஜெர்மனியிலோ பிரான்சிலோ வாழ்கிறவருக்கு ஜெர்மனி, சில்லறையிலேயே பெரும்பகுதி தேறும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து விலைக்கு வாங்குகிறவருக்கு 17 வடிவம் போதும், எழுத்து வேட்டை வேண்டாம். ஒவ்வொரு காசுக்கும் தபால் செலவு சேரும்போது ஐந்து மடங்கு என்பது வெறும் சுமை. எண்ணிக்கை அதையும்விடக் குறைய வேண்டுமென்றால் ஸ்பெயின். 2010-இல் கோர்டோபாவின் மசூதி-தேவாலயத்தில் தொடங்கிய உலகப் பாரம்பரிய வரிசை ஆண்டுக்கு ஒன்று, ஒரே அக்கசாலை. 2024 வரை 15 காசுதான். அழகில் முதலிடமும் இதற்கே.

எந்தத் தரத்தில் வாங்குவது

புழங்கிய காசு, ரோலில் இருந்து எடுத்த புதுக்காசு, காயின்கார்டு (அட்டையில் அடைத்த காசு), ப்ரூஃப் (சேகரிப்பவருக்கென்றே கண்ணாடிப் பளபளப்போடு அடித்தது) என்று நான்கு படிகள். வங்கி ரோலில் 25 காசு, 50 யூரோ. ரோல் காசும் இயந்திரத்தில் ஒன்றோடொன்று மோதியதுதான், சின்னக் கீறல் இருக்கும். நான்கையும் ஒரே ஆல்பத்தில் கலந்தால் புழங்கியது அழுக்காகவும் ப்ரூஃப் பொருந்தாமலும் தெரியும். ஒரு தரத்தை முடிவு செய்துகொண்டு அதிலேயே நில்லுங்கள். வண்ணம் பூசியதும் தங்கமுலாம் பூசியதும் பெரும்பாலும் தனியார் வேலை. சேகரிப்பவருக்கு அது கெட்டுப்போன காசு.

காசின் குறுக்களவு 25.75 மி.மீ. அதனால் 26 மி.மீ. கேப்சூல் (காசை வைக்கும் வட்டப் பிளாஸ்டிக் கூடு). மலிவான பி.வி.சி. உறைகளில் நாளடைவில் பச்சைப் பசை படியும். படிந்துவிட்டால் சுத்தமான அசிட்டோனில் ஊறவைத்து, தேய்க்காமல் உலர்த்தலாம். நகப்பூச்சு நீக்கி ஆகாது, அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். குத்துவிளக்குக்குப் புளி போடுகிற பழக்கத்தில் நடுவிலுள்ள மஞ்சள் பித்தளையைத் தேய்த்தீர்களோ, பளபளப்பு வரும், மதிப்பு போகும்.

குறுநாடுகள்

இங்கே கணக்கே வேறு. சான் மரினோ 2004-இல் அடித்தது 1.1 லட்சம் காசு. மொனாக்கோ 2007-இல் தன் இளவரசியாக இருந்த கிரேஸ் கெல்லி நினைவாக அடித்தது 20,001. அதன் விலை ஆயிரம் யூரோவுக்கு மேல். நூறு காசு கொண்ட தொகுப்பின் முகமதிப்பைவிட இந்த ஒன்று பல மடங்கு. ஆகவே குறுநாட்டு வரிசையை முழுமையாக முடிப்பது ஒரு பொழுதுபோக்கு அல்ல, முதலீடு. ஆல்பத்தில் மொனாக்கோ என்ற பெயர் இருந்தால் போதும் என்பவருக்கு 2013 ஐ.நா. உறுப்பினர் நினைவுக்காசு இருக்கிறது. அது 12 லட்சத்துக்கு மேல் அடிக்கப்பட்டது.

கிரேஸ் கெல்லியை வாங்கியே தீருவேன் என்றால் பெட்டியோடு வாங்குங்கள். தராசில் 8.50 கிராம் காட்ட வேண்டும். காந்தம் நடுப்பகுதியை லேசாக மட்டும் இழுக்கும். அங்கே பித்தளை அடுக்குகளுக்கு இடையில் நிக்கல் இருக்கிறது. வெளிவளையம் ஒட்டினால் போலி. மேலும் கீழுமாக விரலால் பிடித்து இடம் வலமாகத் திருப்பினால் பின்பக்கமும் நேராக நிற்க வேண்டும். தலைகீழாக வந்தால், பேரம் பேசக்கூட வேண்டியதில்லை.