கோபோல் பட்டியலில் தேட: சர்ச்சா, சர்ச் ஆலா?

கோபோல் என்ற நிரல்மொழியில் பட்டியலில் தேட 'சர்ச்' (SEARCH), 'சர்ச் ஆல்' (SEARCH ALL) என்று இரண்டு கட்டளைகள். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்ட ஆபீஸின் செக்ரோலில் (தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில்) 1,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். 'சர்ச்', பெரட்டில் (காலை ஆள் கணக்கெடுப்பில்) கிராணி, அதாவது ஆபீஸ் எழுத்தர், பேர் கூப்பிடுவது மாதிரி வரிசையாகப் போகும்; ஆள் இல்லையென்றால் 1,000 ஒப்பீடு. 'சர்ச் ஆல்' நடுவில் பிரித்துப் பாதியைத் தள்ளிவிடும்; 10 ஒப்பீட்டுக்குள் முடிந்துவிடும்.

வேகம் மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். 'சர்ச் ஆல்' வேலை செய்ய, பட்டியல் அறிவிப்பில் சாவிப் புலம் (எதை வைத்துத் தேடுகிறோமோ அந்தப் புலம், KEY) குறிக்கப்பட்டு, தரவும் அந்த வரிசையிலேயே இருக்க வேண்டும். வரிசை குலைந்தால் பெரும்பாலும் பிழைச்செய்தி வராது. இருக்கிற ஆளையே இல்லை என்று சொல்லும். 1,000 இடத்தில் 700 பேரைத்தான் ஏற்றினீர்களா? மிச்ச 300 வெற்றிடமும் ஏறுவரிசையைக் கெடுக்கும். அவற்றை 'ஹை-வேல்யூஸ்' (HIGH-VALUES, வரிசையில் கடைசியாக வரும் மதிப்பு) கொண்டு நிரப்புங்கள், அல்லது பட்டியல் அறிவிப்பில் 'டிபெண்டிங் ஆன்' (DEPENDING ON) போட்டு அளவைச் சுருக்குங்கள். சாவி சமமா என்று பார்க்க மட்டுமே 'சர்ச் ஆல்' உதவும்.

'சர்ச்' எந்த நிபந்தனையையும் ஏற்கும்: 'எடை இதற்கு மேல்' என்றும் கேட்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் தேடுமுன் சுட்டெண்ணை (பட்டியலில் எந்த இடம் என்று காட்டும் எண், INDEX) 1-க்குக் கொண்டுவர வேண்டும். மறந்தால் விட்ட இடத்திலிருந்தே தேடும். முதல் ஆளுக்குச் சம்பளம் சரியாக வந்து, அடுத்தவர் காணாமல் போனால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

ஐம்பது வரிக்குள் என்றால் 'சர்ச்' தாராளம்.