வில்சன் ஃபிஸ்க்காக வின்சென்ட் டி'ஓனோஃப்ரியோ

மார்வெல் காமிக்ஸின் சூப்பர்ஹீரோ கதையான 'டேர்டெவில்' 2015-இல் நெட்ஃபிளிக்ஸில் தொடராக வந்தது. பார்க்கலாமா என்று யாராவது கேட்டால், வில்லன் வில்சன் ஃபிஸ்க்குக்காகவே பாருங்கள் என்பேன். 'ஃபுல் மெட்டல் ஜாக்கெட்' (1987) படக் காலத்திலிருந்தே குணச்சித்திர வேடங்களில் ஊறியவர் டி'ஓனோஃப்ரியோ. அவரை ஃபிஸ்க் ஆக்கியது அருமையான தேர்வு.

முதலில் ஃபிஸ்க்கின் பேரைச் சொல்லவே அடியாட்கள் பயப்படுகிறார்கள். மூன்றாம் அத்தியாயத்தின் கடைசியில்தான் முகம் தெரிகிறது. ஓவியக்கூடத்தில், வெறும் வெள்ளையாக இருக்கும் ஓவியத்தின் முன் நிற்கிறார். பார்த்தால் என்ன தோன்றுகிறது என்று அங்கே வேலை செய்யும் வனெஸா கேட்க, தனிமையாக உணர்வதாகச் சொல்கிறார். தொண்டையில் சிக்கிச் சிக்கி வரும் குரல், அவ்வளவு பெரிய உடம்புக்குள் ஒரு பயந்த பையன். அடுத்த அத்தியாயத்திலேயே கார் கதவால் ஒருவன் தலையைச் சிதைக்கிறார். இருவரும் ஒரே ஆள்தான் என்று நம்ப முடிகிறது பாருங்கள், அங்கேதான் அனுபவம் பேசுகிறது. அப்புறம் எட்டாம் அத்தியாயத்தில் அவர் தனியாக ஆம்லெட் போட்டுச் சாப்பிடும் காலைப் பொழுது! வசனமே வேண்டியிருக்கவில்லை.

சண்டைக் காட்சிகளும் நன்று. நடுவில் கொஞ்சம் இழுவை. ரத்தம் அதிகம், குழந்தைகளோடு பார்க்க வேண்டாம்.