பியாட்ரிஸ் ஹோம்ஸ்டெட் பூங்கா: மரக்குடிலில் இருந்து தொடங்குங்கள்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் லிங்கன் நகருக்குத் தெற்கே 40 மைல் போனால் பியாட்ரிஸ் என்ற சிறிய ஊர் வரும். அதற்கு மேற்கே 4 மைலில் இருக்கிறது ஹோம்ஸ்டெட் தேசிய வரலாற்றுப் பூங்கா. கட்டணம் கிடையாது. போன செப்டம்பரில் ஒன்பது வயது மகனோடு போனேன். அரை நாள் போதும் என்று நினைத்தேன், சாயங்காலம் வரை கிளம்ப மனம் வரவில்லை.

ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்தால் 160 ஏக்கர் அரசு நிலம் உங்களுக்கே சொந்தம் என்ற ஹோம்ஸ்டெட் சட்டம் 1863 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்தது. அன்றைக்கே பதிந்தவர் டேனியல் ஃப்ரீமன். படைக்குத் திரும்ப வேண்டிய அவசரம், அதனால் பிரவுன்வில் நில அலுவலகத்தை நள்ளிரவு தாண்டியதுமே திறக்க வைத்தார் என்று சொல்வார்கள். அவருடைய நிலம்தான் இன்றைய பூங்கா.

கார் நிறுத்தும் இடத்தைச் சரியாக ஒரு ஏக்கர் அளவில் அமைத்திருக்கிறார்கள். நல்ல யோசனை. அதைக் குறுக்கே நடந்து கடந்துவிட்டு, "இது மாதிரி நூற்று அறுபது" என்றேன். பையன் வாயடைத்துப் போனான்.

அப்புறம் பாமர்-எப்பார்ட் மரக்குடில். 1867-ல் 14 மைல் தள்ளி வேறொரு குடும்பம் கட்டியது, பிறகு இங்கே கொண்டுவந்தார்கள். 14 அடிக்கு 16 அடி. கட்டைகளுக்கு நடுவே கையால் செய்த செங்கல் வைத்துச் சுண்ணாம்புக் காரை பூசியிருக்கிறார்கள். அதில் புருஷன், பெண்டாட்டி, பத்துப் பிள்ளைகள். "எல்லாரும் எங்கம்மா படுத்தாங்க?" என்று மகன் கேட்டான். நானும் தரையைக் கண்ணால் அளந்து பார்த்தேன், பதில் கிடைக்கவில்லை. கண்காட்சிக்குள் நுழையும் முன் இங்கே வந்துவிடுங்கள். இதைப் பார்த்த பிறகுதான் உள்ளே இருக்கும் கலப்பையும் சமையல் சாமான்களும் உயிரோடு தெரியும்.

எனக்கு மனதில் தங்கியவர் ஆக்னஸ். ஐயோவாக்காரி. ஃப்ரீமனின் தம்பிக்கு நிச்சயமானவள், அவர் உள்நாட்டுப் போரில் இறந்துபோனார். அண்ணன் கடிதம் எழுதி எழுதியே கேட்டு, 1865-ல் கல்யாணம் ஆனது. முன்பின் தெரியாத புல்வெளிக்குக் கிளம்பி வந்த அந்தப் பெண்ணைப் பற்றி இன்னும் நிறையத் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. கணவர் 1908-ல் போனார், இவர் 1931 வரை இருந்தார். இருவரின் கல்லறையும் இந்த நிலத்திலேயே இருக்கிறது.

இந்தப் பகுதியில் வாழ்ந்த ஓட்டோ-மிசூரியா பூர்வகுடி மக்கள் 1881-ல் ஓக்லஹோமாவுக்குப் போக வேண்டிவந்தது. ஒரு குடும்பத்துக்கு மண் கிடைத்த கதையைச் சொல்லும்போது இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். நான் சொன்னேன்.

செங்கல் பள்ளிக்கூடத்தை விட்டுவிடாதீர்கள், அது சற்றுத் தள்ளி இருக்கிறது. 1872-ல் கட்டியது, 1967 வரை நடந்தது. வகுப்பில் ஆசிரியை பைபிள் வாசித்ததை எதிர்த்து ஃப்ரீமன் வழக்குப் போட, 1902-ல் நெப்ராஸ்கா உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது இந்தப் பள்ளி விஷயத்தில்தான்.

செப்டம்பரில் போனால் புல் என் தலைக்கு மேல் நிற்கிறது. பிக் புளூஸ்டெம் என்ற புல்லின் கதிர் வான்கோழிக் கால் போலவே மூன்றாகப் பிரிந்திருக்கும். முழுக்கால் சட்டையும் மூடிய செருப்பும் போட்டுக்கொள்ளுங்கள், தண்ணீர் எடுத்துப் போங்கள். காட்டுப்பூக்களுக்காக ஜூனில் இன்னொரு முறை போகப் போகிறோம்.